கிராம் என்று காட்டும் கருவி எதை அளக்கிறது?

சென்னையில் உள்ள ஓர் ஆய்வகத்தில், 100 கிராம் எடைக்கல்லுக்குச் சரியாக 100.0000 கிராம் என்று காட்டும் மின்னணுத் தராசு ஒன்று இருப்பதாகக் கொள்க. அதை அப்படியே பெட்டியில் வைத்துப் புது தில்லிக்கு எடுத்துச் சென்று, மேசைமேல் இருத்தி, மட்டம் பார்த்து, சுழியத்தையும் சரிசெய்தாயிற்று. வேறு எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் அதே எடைக்கல்லைத் தட்டில் வைத்தால், திரையில் ஏறத்தாழ 100.085 கிராம் என்று தோன்றும். அதே தராசைத் தில்லிக்குப் பதிலாகப் பெங்களூருக்குக் கொண்டுசென்றிருந்தால் ஏறத்தாழ 99.975 கிராம் என்று காட்டியிருக்கும். எடைக்கல்லில் ஒரு துகளும் கூடவில்லை, குறையவுமில்லை. தராசும் பழுதாகவில்லை. மாறியது ஒன்றுதான்: அந்த இடத்தின் ஈர்ப்பு முடுக்கம்.

சென்னையில் அம்முடுக்கம் ஏறத்தாழ 9.783 மீட்டர்/விநாடி². தில்லியில் ஏறத்தாழ 9.791. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் 9.780-ஐ ஒட்டியது. பாடநூலில் எங்கும் ஒரே 9.8 என்று எழுதிப் பழகிய கண்ணுக்கு இவை வேறுபாடுகளாகவே தெரியமாட்டா. நான்கு தசம இடங்கள் வரை காட்டும் பகுப்பாய்வுத் தராசுக்கோ இவை மிகப் பெரிய வேறுபாடுகள். இந்தியாவின் பல்கலைக்கழக ஆய்வகங்களில் அன்றாடம் பயன்படும் இக்கருவியைப் பற்றிய இந்த எளிய உண்மை, அதைப் பயன்படுத்தும் மாணவர்களுக்கு முறையாகச் சொல்லப்படுவதில்லை. அதனால் விளையும் இழப்பு வெறும் மில்லிகிராம் கணக்கோடு முடிந்துவிடுவதன்று.

குழப்பம் பள்ளியிலேயே தொடங்குகிறது. நிறை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. அது எங்கும் மாறாது. எடை என்பது அப்பொருளின்மீது செயல்படும் ஈர்ப்பு விசை. அது இடத்துக்கு இடம் மாறும். இவ்விரண்டு வரையறைகளையும் பிழையின்றி ஒப்பிக்காத அறிவியல் மாணவர் அரிது. இவற்றோடு இணைத்து இரண்டு கருவிகளும் கற்பிக்கப்படுகின்றன. இருதட்டுத் தராசு நிறையை ஒப்பிடுகிறது. வில் தராசு எடையை அளக்கிறது. நிலவில் இருதட்டுத் தராசு அதே விடையைத் தரும். வில் தராசு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைத்தான் காட்டும். இதுவரை எல்லாம் சரி. ஆனால் அதே மாணவர் கல்லூரி ஆய்வகத்துக்குள் நுழையும்போது அங்கே இருதட்டுத் தராசும் இல்லை, வில் தராசும் இல்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒற்றைத் தட்டும், எண்களை ஒளிரவிடும் திரையும் கொண்ட மூன்றாவது கருவி ஒன்று இருக்கிறது. அது இவ்விரண்டில் எந்த இனத்தைச் சேர்ந்தது என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதேயில்லை. திரையில் கிராம் என்று இருப்பதால் அது நிறையைத்தான் அளக்கிறது என்று அனைவரும் எடுத்துக்கொள்கின்றனர்.

உண்மையில் அது விசையை அளக்கும் கருவி. உயர்நுட்பப் பகுப்பாய்வுத் தராசுகளில் பெரும்பாலானவை மின்காந்த விசையால் ஈடுசெய்யும் முறையில் இயங்குகின்றன. தட்டோடு நெம்புகோல் வழியே இணைந்த ஒரு கம்பிச் சுருள், நிலைக்காந்தம் ஒன்றின் புலத்தில் தொங்குகிறது. தட்டில் பொருளை வைத்ததும் அமைப்பு கீழே இறங்க முனைகிறது. அந்த நுண்ணிய நகர்வை ஓர் ஒளி உணரி கண்டறிந்தவுடன், சுருளில் மின்னோட்டம் கூட்டப்பட்டு, தட்டு பழைய நிலைக்கே கொண்டுவரப்படுகிறது. பொருளைத் தாங்கிப் பிடிக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதுதான் அளக்கப்படுவது. அது பொருளின் எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், நிறைக்கன்று. கருவியின் நினைவகத்தில் பதிந்துள்ள ஒரு பெருக்கெண்தான் அந்த மின்னோட்டத்தைக் கிராமாக மாற்றித் திரைக்கு அனுப்புகிறது. அப்பெருக்கெண்ணுக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தின் ஈர்ப்பு முடுக்கம் கண்ணுக்குத் தெரியாமல் அடங்கியிருக்கிறது. மளிகைக் கடைகளில் உள்ள தராசுகளில் சுருளுக்குப் பதிலாக வளைவை உணரும் உலோகத் துண்டு இருக்கும். அங்கும் அளக்கப்படுவது விசையே. ஆக, இன்றைய ஆய்வகத் தராசு, இயங்கும் முறையால் வில் தராசின் நெருங்கிய உறவினர். ஆனால் பேசும் மொழி மட்டும் இருதட்டுத் தராசினுடையது.

இந்த மறைப்பில் பெயருக்கும் பங்குண்டு. பாரசீகத்திலிருந்து வந்து தமிழில் வேரூன்றிய 'தராசு' என்னும் சொல், பல நூற்றாண்டுகளாக இரண்டு தட்டுகளையும் ஒரு கோலையும் குறித்து வந்தது. கருவியின் உள்ளமைப்பு முற்றிலும் மாறிய பிறகும் சொல் மாறவில்லை. ஒரு சொல் தன் பழைய பொருளின் நம்பகத்தன்மையைப் புதிய பொருளுக்கும் கடனாகக் கொடுப்பது மொழியில் இயல்பாக நிகழ்வதுதான். பேச்சு வழக்கில் அதனால் தீங்கில்லை. ஆய்வகத்தில்தான் அது தவறான உறுதியைத் தருகிறது. இரண்டு தட்டுகள் இருந்த காலத்தில், ஒருபுறம் பொருளும் மறுபுறம் படிக்கல்லும் இருப்பதைக் கண் பார்த்தது. ஒப்பீடு நடக்கிறது என்பது காட்சியிலேயே தெரிந்தது. இன்று ஒப்பீட்டுக்குரிய படிக்கல் கண்ணில் படுவதில்லை. அது எப்போதோ, எங்கோ, யாரோ ஒருவரால் வைக்கப்பட்டு எடுக்கப்பட்டுவிட்டது. அதன் நினைவு மட்டுமே கருவியில் எஞ்சியிருக்கிறது.

கலைச்சொற்களும் இதைத் தெளிவாக்க உதவவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிறை என்பது மாறாத அளவு. எடை என்பது விசை. பாக்கு நீரிணையைக் கடந்தால் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் மாறாத அளவுக்குத் திணிவு என்று பெயர். அங்கே நிறை என்பதுதான் விசை. ஒரே மொழியின் ஒரே சொல், இரண்டு கல்வி மரபுகளில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு இயற்பியல் அளவுகளைக் குறிக்கிறது. இதில் எது சரி என்ற வாதம் பயனற்றது. 'நிறு' என்னும் வினையிலிருந்து பிறந்த நிறை, நிறுத்தலின் விளைவைக் குறிக்கும் பழஞ்சொல். நிறுத்தலில் விசையும் ஒப்பீடும் பிரிக்க முடியாதவாறு கலந்தே இருந்தன. பிற்காலத்து இயற்பியல் அவ்விரண்டையும் பிரித்தபோது, ஒரு மரபு அச்சொல்லை ஒரு பக்கத்துக்கும் மற்றொரு மரபு மறு பக்கத்துக்கும் கொடுத்துவிட்டது. இந்தியில் மாறாத அளவுக்கு 'திரவ்யமான்' என்றும் விசைக்கு 'பார்' என்றும் வகுத்திருக்கிறார்கள். ஆயினும் கடைவீதியில் வழங்குவது 'வஜன்' என்ற ஒரே சொல்தான். எம்மொழியிலும் மக்கள் வழக்கு இவ்விரண்டையும் பிரிப்பதில்லை. பிரிக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. அத்தேவை உள்ள இடம் ஆய்வகம். அங்கும் வரையறையை மனப்பாடம் செய்வதோடு பிரிப்பு முடிந்துவிட்டது என்று கருதுவதுதான் பிழை.

ஈர்ப்பு முடுக்கம் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பது புதிய செய்தியன்று. 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷேர், பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேனில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். புவி தன்னைத்தானே சுற்றுவதாலும், துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதாலும், நிலநடுக்கோட்டில் 9.780 ஆக உள்ள முடுக்கம் துருவத்தில் 9.832 ஆக உயர்கிறது. ஒரு கிலோகிராம் பொருளுக்கு, திருத்தப்படாத மின்னணுத் தராசில் இது ஐந்து கிராமுக்கும் மேற்பட்ட வேறுபாடு. உயரம் கூடக் கூட முடுக்கம் குறையும். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 0.003 மீட்டர்/விநாடி². நிலத்தடிப் பாறைகளின் அடர்த்தியும் தன் பங்குக்குச் சிறிது கூட்டும் அல்லது குறைக்கும்.

இந்திய மண்ணில் இந்த வேறுபாட்டை அளக்க ஓர் உயிரே விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மாபெரும் முக்கோணவியல் அளவைப் பணியில் இருந்த கேப்டன் ஜேம்ஸ் பலாடியோ பசேவி, 1865 முதல் துணைக்கண்டத்தின் தெற்கிலிருந்து வடக்குவரை ஊசல்களைக் கொண்டுசென்று, அவை அலையும் காலத்தை அளந்து ஈர்ப்பைக் கணித்தார். 1871-இல் லடாக்கின் உயர்நிலங்களில் கடுங்குளிருக்கு நடுவே அப்பணியில் ஈடுபட்டிருந்தபோதே இறந்தார். இமயத்தின் பெருந்திரளைக் கணக்கில் கொண்டால் அங்கே எதிர்பார்க்க வேண்டிய ஈர்ப்பைவிட உண்மையில் குறைவாகவே இருக்கிறது என்று அவருடைய அளவீடுகள் காட்டின. மலைகளுக்கு அடியில் அடர்த்தி குறைந்த வேர்கள் இருக்கவேண்டும் என்ற கருத்துக்கு அவை வலுச்சேர்த்தன. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இவ்வளவு நுட்பமாக ஈர்ப்பு ஆராயப்பட்ட நாட்டில், ஈர்ப்பு ஒரு மாறிலி என்ற எண்ணத்துடன் முதுகலைச் செய்முறைத் தேர்வு நடப்பது சற்றே முரணானது.

ஊர்விட்டு ஊர் போகவேண்டும் என்பதுகூட இல்லை. ஒரே கட்டடத்தில் தரைத்தளத்திலிருந்து பத்து மீட்டர் உயரத்துக்குத் தராசை மாற்றினால், ஈர்ப்பு பத்து இலட்சத்தில் மூன்று பங்கு குறைகிறது. 200 கிராம் எடைக்கல்லுக்கு அது 0.6 மில்லிகிராம். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் கருவியின் கடைசி எண் ஆறு படிகள் கீழே இறங்கும். துறை புதிய கட்டடத்துக்குப் போகிறது, மூன்றாம் தளத்தில் ஆய்வகம் அமைகிறது, உதவியாளர்கள் இருவர் தராசைத் தூக்கிச் சென்று புதிய மேசையில் வைக்கிறார்கள், மறுநாள் வேலை தொடங்குகிறது. பல கல்வி நிறுவனங்களில் கண்ட காட்சிதான் இது. கருவியை முதன்முதலில் நிறுவியபோது வந்த பொறியாளர் ஒட்டிய அளவுத்திருத்தச் சீட்டு, அப்போதும் அதன் பக்கவாட்டில் ஒட்டியபடியே இருக்கும்.

நிறையை அளக்க விரும்புவோர் ஈர்ப்பைக் கையாளும் வழிகள் நான்கு. முதல் வழி, அதைச் சமன்பாட்டின் இருபுறத்திலும் வைத்து நீக்கிவிடுவது. இருதட்டுத் தராசில் நடப்பது அதுவே: இரண்டு தட்டுகளிலும் ஒரே ஈர்ப்பு செயல்படுவதால் அதன் மதிப்பு எதுவாயினும் சமநிலை மாறாது. இரண்டாம் வழி, அளவு தெரிந்த எடைக்கல்லைப் பயன்படுத்தும் இடத்திலேயே வைத்து, கருவியின் பெருக்கெண்ணைத் திருத்துவது. மின்னணுத் தராசில் அளவுத்திருத்தம் என்பது இதுதான். இதைச் செய்தபின் அது நிலவில்கூட நிறையைச் சரியாகக் காட்டும். செய்யாவிட்டால் அடுத்த ஊரில்கூடக் காட்டாது. மூன்றாம் வழி, ஈர்ப்பையே தனியாக அளந்து வகுப்பது. 1975-இல் பிரையன் கிப்புள் முன்வைத்து, இன்று அவர் பெயராலேயே வழங்கும் கிப்புள் தராசு இவ்வழியில் செல்கிறது. 2019 மே 20 முதல் கிலோகிராம் என்பது பாரிசுக்கு அருகே பாதுகாக்கப்பட்ட உலோக உருளையால் வரையறுக்கப்படுவதில்லை. பிளாங்க் மாறிலியின் நிலைத்த மதிப்பால் வரையறுக்கப்படுகிறது. அந்த வரையறையைக் கிப்புள் தராசின்வழி நடைமுறைக்குக் கொண்டுவரும் ஆய்வகம், தட்டு இருக்கும் அதே இடத்துக்குரிய ஈர்ப்பு முடுக்கத்தை மிக நுட்பமான ஈர்ப்புமானியால் அளந்தே தீரவேண்டும். நான்காம் வழி, ஈர்ப்பைத் தவிர்ப்பது. 1973-இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் வீரர்கள் தம் நிறையை ஊசலாடும் இருக்கையில் அமர்ந்து அளந்தனர். வில்லோடு இணைந்த இருக்கை ஒருமுறை அலைய எடுக்கும் காலமே நிறையைச் சொன்னது. சுற்றுப்பாதையில் இருதட்டுத் தராசும் பயன்படாது. தட்டுகள் எந்த நிலையிலும் மிதந்தபடியே நிற்கும்.

இந்நான்கையும் ஒருங்கே பார்த்தால் ஒன்று புலனாகும். ஈர்ப்பு தானாக ஒதுங்கிப்போகும் முறை எதுவும் இல்லை. யாரேனும் ஒருவர், ஏதேனும் ஒரு கட்டத்தில், அதற்கென ஏதேனும் செய்தாக வேண்டும். நம் ஆய்வகங்களில் வழங்கும் இரண்டாம் வழியில் அந்த வேலை முழுவதும் பயன்படுத்துவோர் கையில் இருக்கிறது. அதைத்தான் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

விளைவைச் சிறிய எடுத்துக்காட்டில் காணலாம். சென்னையில் திருத்தப்பட்டுத் தில்லிக்கு வந்த தராசில், 250 மில்லிலிட்டர் 0.05 மோலார் சோடியம் கார்பனேட் கரைசலுக்காக மாணவி ஒருவர் 1.3249 கிராம் நிறுத்து எடுக்கிறார் என்று கொள்க. தட்டில் உண்மையில் இருப்பது ஏறத்தாழ 1.3238 கிராம். நான்கு தசம இடங்களை அவர் குறிப்பேட்டில் பயபக்தியுடன் எழுதுகிறார். மூன்றாவது இடமே தவறு. பத்து முறை நிறுத்தாலும் பத்து முறையும் அதே தவறு வரும். மீள்தன்மை சிறப்பாக இருப்பதால், முடிவு சரியானது என்ற நம்பிக்கையும் வலுக்கும். சுழியப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் இது தீராது. அப்பொத்தான் தொடக்கப்புள்ளியை மட்டுமே சரிசெய்யும், பெருக்கெண்ணைத் தொடாது.

அந்தக் கரைசல் வேறோர் ஊரின் ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கே கிடைத்த முடிவு இங்கே கிடைத்ததோடு பொருந்தவில்லை. அப்போது முதலில் ஐயுறப்படுவது எது? தராசன்று. அது விலை உயர்ந்தது, வெளிநாட்டிலிருந்து வந்தது, சான்றிதழ் உடையது. ஐயுறப்படுவது மாணவியின் கை. மறுபடி செய், கவனமாகச் செய் என்ற அறிவுரைக்குப் பின்னால் வாரங்கள் கழிகின்றன. கருவி எதை அளக்கிறது என்பதை அறியாத ஆய்வுச் சூழலில், விளக்கமில்லாத ஒவ்வொரு வேறுபாடும் அதிகாரம் குறைந்தவரின் கவனக்குறைவாகவே பதிவாகும். மில்லிகிராமைவிடப் பெரிய இழப்பு இதுதான்.

இதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். மூன்றுமே பொருட்படுத்தத் தக்கவை.

முதலாவது, வேதியியலில் பெரும்பாலும் விகிதங்களே தேவைப்படுகின்றன. ஒரே தராசில் மாதிரியையும் படித்தரப் பொருளையும் நிறுத்தால் பிழை இருபுறமும் நீங்கிவிடும் என்பது. இது உண்மை. தரம்பார்த்தலுக்குரிய கரைசலைச் செந்தரப்படுத்தியதும், பகுப்பாய்வுக்குரிய மாதிரியை நிறுத்ததும் ஒரே தராசாயின், இறுதியில் வரும் விழுக்காட்டில் ஈர்ப்பின் சுவடே இராது. ஆனால் நிறை, கனஅளவோடு சேரும் இடத்தில் இந்த நீக்கம் நடப்பதில்லை. அடர்த்தி அளவீடு, லிட்டருக்கு இத்தனை கிராம் என்று குறித்து அனுப்பப்படும் கரைசல், நீரை நிறுத்துப் பிப்பெட்டின் கொள்ளளவைச் சரிபார்த்தல், வெளியில் வாங்கிய செந்தரக் கரைசலோடு இங்கே நிறுத்த மாதிரியை ஒப்பிடுதல் ஆகிய அனைத்திலும் பிழை முழுமையாக எஞ்சும். எங்கே நீங்கும், எங்கே எஞ்சும் என்று பிரித்தறிய முதலில் பிழை இருப்பதை அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, 0.1 விழுக்காட்டுக்கும் குறைவான பிழைக்கு இவ்வளவு கவலை தேவையா என்பது. தேவையில்லாத சோதனைகள் பல உண்டு. பாக்டீரியா வளர்க்கும் ஊடகத்துக்கு இக்கணக்கு வேண்டியதில்லை. ஆனால் அதே ஆய்வகம் 'ஏ' வகுப்புத் திட்டக் குடுவையைத்தான் வாங்கவேண்டும் என்று வற்புறுத்துகிறது. 100 மில்லிலிட்டர் 'ஏ' வகுப்புக் குடுவைக்கு அனுமதிக்கப்படும் பிழை 0.1 மில்லிலிட்டர், அதாவது 0.1 விழுக்காடு. குடுவையில் அவ்வளவு கண்டிப்பும் தராசில் அதே அளவு பிழைக்குக் கண்மூடலும் ஒன்றாகப் பொருந்தா. ஒரு பிழையைப் பொறுத்துக்கொள்வது ஆய்வாளரின் முடிவாக இருக்கலாம். அதை அறியாமல் இருப்பது முடிவாகாது.

மூன்றாவது, இன்றைய தராசுகளில் உள்ளேயே எடைக்கல் இருக்கிறது. கருவி தானே திருத்திக்கொள்ளும் என்பது. இதுவே மிக வலுவான மறுப்பு. நல்ல தராசுகளில் சிறு மோட்டார் ஒன்று உள்ளிருக்கும் எடைக்கல்லை இறக்கி, ஏற்றி, பெருக்கெண்ணைப் புதுப்பிக்கிறது. அவ்வமைப்பு உள்ள கருவியில், அது முறையாக இயக்கப்பட்டிருந்தால், இக்கட்டுரையின் முதல் பத்தியில் சொன்ன பிழை தோன்றாது. ஆனால் எல்லா ஆய்வகத் தராசுகளிலும் அவ்வமைப்பு இல்லை; விலை குறைந்தவற்றிலும் பழையவற்றிலும் வெளியிலிருந்து எடைக்கல் வைக்க வேண்டும். அமைப்பு உள்ள கருவியிலும் இடம் மாற்றிய பிறகு அதை இயக்கவேண்டும் என்பதைப் பயனர் அறிந்திருக்க வேண்டும். உள்ளிருக்கும் கல்லும் காலப்போக்கில் மாறக்கூடியது; அதைச் சரிபார்க்கச் சான்றுபெற்ற வெளிக்கல் ஒன்று வேண்டும். அந்தக் கல்லின் மதிப்பு, படிப்படியாக மேலேறிப் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் படித்தரத்தோடு இணைந்திருக்க வேண்டும். இந்தியாவுக்கு வழங்கப்பட்ட 57-ஆம் எண் பிளாட்டினம்-இரிடியம் உருளை அங்குதான் இருக்கிறது. பல துறைகளில் அந்த வெளிக்கற்களின் பெட்டி, தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். சாவி ஒருவரிடம் இருக்கும். அவர் விடுப்பில் இருப்பார்.

இதோடு இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஈர்ப்பை முழுவதும் நீக்கிவிடும் இருதட்டுத் தராசும் இடத்துக்கு முற்றிலும் கட்டுப்படாததன்று; ஏனெனில் நிறுத்தல் காற்றுக்குள் நடக்கிறது. தட்டிலுள்ள பொருள் தான் விலக்கும் காற்றின் எடை அளவுக்கு மேல்நோக்கித் தாங்கப்படுகிறது. எஃகு எடைக்கல்லும் தண்ணீரும் ஒரே நிறையுடையனவாயினும், தண்ணீர் அதிக இடத்தை அடைப்பதால் அதிகம் தாங்கப்படும். கடல்மட்டத்தை ஒட்டிய இடத்தில் 100 கிராம் தண்ணீர், சரியாகத் திருத்தப்பட்ட தராசிலும் ஏறத்தாழ 105 மில்லிகிராம் குறைவாகவே காட்டும். 3500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் காற்று மூன்றில் ஒரு பங்கு மெலிந்திருப்பதால் அக்குறை ஏறத்தாழ 70 மில்லிகிராம்தான். பயன்படுத்தும் இடத்தில் அளவுத்திருத்தம் செய்தால் ஈர்ப்பின் விளைவு தீரும். காற்றின் விளைவு தீராது. அதற்குக் காற்றின் அடர்த்தியையும் பொருளின் அடர்த்தியையும் கொண்டு தனியே கணக்கிட வேண்டும். ஆகவே தராசில் எப்போது, எப்படித் திருத்தம் செய்யப்பட்டது என்பதோடு, எங்கே நிறுக்கப்பட்டது என்பதும் அளவீட்டின் பகுதியாகிறது.

இவற்றைச் சீர்செய்யப் பெருஞ்செலவு தேவையில்லை. தராசு ஓர் அங்குலம் நகர்ந்தாலும், மட்டம் பார்த்து, போதிய நேரம் மின்னிணைப்பில் வைத்து, அளவுத்திருத்தம் செய்த பின்னரே பயன்படுத்தலாம் என்ற விதி ஒவ்வொரு துறையிலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். சான்றுபெற்ற எடைக்கற்களும் அவற்றைப் பிடிக்கும் இடுக்கியும் ஆய்வு மாணவரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். நாள்தோறும் ஒரு கல்லை வைத்துப் பார்த்த எண்ணைக் குறிக்கும் பதிவேடு தராசின் அருகிலேயே இருக்கவேண்டும். ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் தராசின் நிறுவனப் பெயரையும் மாதிரி எண்ணையும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவற்றைவிட, கடைசியாக எந்த இடத்தில் எந்த நாளில் எந்தக் கல்லால் திருத்தப்பட்டது என்பதே வாசிப்பவருக்குப் பயன்படும் செய்தி. ஆய்வேட்டை மதிப்பிடும் தேர்வாளர்கள் அதைக் கேட்கத் தொடங்கினால் ஈராண்டில் வழக்கம் மாறிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதலாண்டுச் செய்முறையில் ஒரு பாடம் சேர்க்கலாம். 0.1 மில்லிகிராம் நுட்பமுள்ள தராசையும் 200 கிராம் எடைக்கல்லையும் தரைத்தளத்தில் வைத்து அளக்கட்டும். பிறகு இரண்டையும் ஐந்தாம் தளத்துக்குக் கொண்டுசென்று, திருத்தம் செய்யாமல் அளக்கட்டும். பதினைந்து மீட்டருக்கு ஏறத்தாழ 0.9 மில்லிகிராம் குறையவேண்டும். வெப்பநிலை ஒரு பாகை மாறினாலும் கருவியின் பெருக்கெண் இதே வரிசை அளவில் நகரக்கூடும் என்பதால், ஒரு முறை செய்தால் போதாது. பலமுறை ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் கருவி அறையின் வெப்பத்துக்குப் பழகும்வரை காத்திருக்க வேண்டும். எதிர்பார்த்த எண் உடனே கிடைக்காது. ஏன் கிடைக்கவில்லை என்று ஆராய்வதே அப்பாடம். அதன் முடிவில் திருத்தப் பொத்தானை அழுத்தியதும் திரை மீண்டும் 200.0000 என்று காட்டும்போது, நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாடு அந்த மாணவருக்கு வரையறையாக இல்லாமல் நேரில் கண்ட நிகழ்ச்சியாகிவிடும்.

தலைப்பிலுள்ள கேள்விக்கு விடை இதுதான். அக்கருவி அளப்பது எடையை; அறிவிப்பது நிறையை. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை, அந்த இடத்தில் அந்த நாளில் ஒருவர் எடைக்கல்லை வைத்துக் கடந்திருக்க வேண்டும். அவர் யார், எப்போது கடந்தார் என்பதைத் தராசுக்கு அருகிலுள்ள பதிவேட்டில் பார்த்துவிட்டு, பிறகு திரையிலுள்ள எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். பதிவேட்டில் ஒன்றும் இல்லையென்றால், அன்றைய முதல் வேலை அதுவே.